பறந்தால்தானே படம்

ஆஸ்பத்திரியில் அவளை மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறையில் இருபத்து மூன்று வருஷமாக வேலை. "மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க, ம், விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொல்கிற தொனியில் கெஞ்சல் இருக்காது. ஒரு தடவை வரிசையைத் தாண்டி உள்ளே புகுந்த பெரிய அதிகாரி ஒருவரை மார்புப் படத்துக்கு நிறுத்திவிட்டு, 'விடுங்க' என்று சொல்லாமலே தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டாளாம். மனுஷன் முகம் தக்காளியாகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாராம். நர்ஸுகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மறந்துபோச்சு என்று அவள் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை.

இப்படி ஒரு குணத்தை வைத்துக்கொண்டு புகுந்த வீட்டில் குப்பை கொட்டுவது சுலபமா என்ன? மாமனார் கட்டிய மாடி வீடு அது. கீழே கணவனின் அண்ணன் குடும்பம், கூடவே மாமியார். மேலே இவளும் கணவனும். மாடிப்படி கீழ் வீட்டு ஹாலை ஒட்டியே ஏறும். அதனால் இவள் எத்தனை மணிக்குப் போகிறாள், வருகிறாள், பையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் கீழ் வீட்டுக்கு அத்துப்படி. தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு கீழ்ச் சமையலறையில். மேல் தொட்டி காலியானால் இவள் படியிறங்கி வந்து, "அக்கா, மோட்டார் போடுறீங்களா?" என்று ஓரகத்தியிடம் கேட்க வேண்டும். ஓரகத்தி கையில் இருக்கிற வேலையை முடித்து, கை துடைத்து, யோசித்து, பிறகு போடுவாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து மேலே குடியேறியதிலிருந்து, பன்னிரண்டு வருஷமாக இதே கதை.

அண்ணனை எல்லோரும் பெரியவர் என்பார்கள். டைல்ஸ் கடை வைத்திருந்தார். குரல் பெரிசு, கை பெரிசு, எதிலும் அவர் சொன்னதுதான் சட்டம். தம்பி லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தில் பெட்டி நடுவில் நின்று உள்ளே ஆள் அலறினாலும் பதறாமல் ஏறிப் போய்க் கையாலேயே இறக்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் அண்ணன் முன்னால் வந்தால் மட்டும் பெட்டிப் பாம்பு.

அவளுக்குப் பறவைப் பித்து பிடித்ததும் ஆஸ்பத்திரியால்தான். எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. வெயிலே படாமல் எலும்பு வலி வந்து, டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "தினமும் அரை மணி நேரம் வெயில்ல நில்லும்மா. அதான் மருந்து" என்றார். மொட்டை மாடியில் போய்ச் சும்மா நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஒரு கார்த்திகை மாதக் காலையில் தலைக்கு மேலே நாற்பது ஐம்பது பறவைகள் கோடு கிழித்த மாதிரி போயின. சத்தமே இல்லை. எங்கிருந்து வருது, எங்கே போகுது என்று கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எக்ஸ்ரே டாக்டர் தன் பழைய கேமராவை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் விடுமுறை நாளென்றால் அவள் ஏரிக்கரையிலும் சாக்கடைக் கால்வாய் ஓரத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள்.

எடுத்ததில் நாலைந்தைக் குடும்பத்து வாட்ஸப் குழுவில் போட்டது அவள் செய்த தப்பு. சித்தப்பா வீடு, அத்தை வீடு, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். பெரியவர் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த மாதமே ஒரு லென்ஸ் வாங்கிவிட்டார். பீரங்கி மாதிரி இருக்கும். அதைத் தூக்கவே தனியாக ஒரு ஸ்டாண்டு வேண்டும்.

"இவளுக்கே இவ்ளோ வருதுன்னா, எனக்கு வராதா?" என்று ஹாலில் உட்கார்ந்து சொன்னார். படியில் ஏறிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

கடற்கரைச் சேற்று நிலத்துக்குக் குடும்பத்தோடு மூன்று நாள் போகலாம் என்று முதலில் சொன்னவள் இவள்தான். அந்த மாதத்தில் வடக்கே குளிர் தேசங்களிலிருந்து உள்ளான்கள் அங்கே வந்து இறங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுள்ள சாம்பல் நிறக் குருவிகள். சேற்றில் விறுவிறுவென்று ஓடிப் புழு கொத்தும். கூடவே நீண்ட அலகுள்ள மூக்கன்களும் வரும். கணவனும் அவளும் மட்டும் போவதாக இருந்தது. பெரியவர் காதுக்கு எட்டியதும் அது அவருடைய பயணமாகிவிட்டது. வேன் அவர் ஏற்பாடு, வீடு அவர் ஏற்பாடு, நேரம் அவர் வைத்தது. முன் சீட்டு அவருக்கு, நடு சீட்டு மாமியாருக்கும் ஓரகத்திக்கும். கடைசி சீட்டில் லென்ஸ் பெட்டி. அது போக மிச்ச இடத்தில் இவளும் கணவனும்.

"என் முட்டியை மடக்கவே இடமில்ல. அந்தப் பெட்டியைக் கொஞ்சம் மேல வைக்கலாமில்ல?" என்றாள்.

"அது அடிபட்டா அவ்ளோதான்" என்றார் பெரியவர் திரும்பாமலே. "முட்டி அடிபட்டா உங்க ஆஸ்பத்திரியிலயே படம் எடுத்துக்கலாம்."

ஓரகத்தி சிரித்தாள். கணவனும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் கவனித்துக்கொண்டாள்.

வாடகை வீட்டில் இரண்டு அறை. நீர்ப்பரப்பைப் பார்த்த ஜன்னலுள்ள அறையைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். இவர்களுக்கு மாமியாரோடு பின்னறை. அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர். "எக்ஸ்ரே ரூம் மாதிரியே இருக்கு, உனக்குப் பழக்கம்தானே" என்றார் மாமியார். கிண்டலா, ஆறுதலா என்று அவர் பேச்சில் ஒருபோதும் தெரியாது.

முதல் நாள் விடிந்ததும் எல்லோரும் கரைக்குப் போனார்கள். அங்கே ஒரு காவலாளி இருந்தார். வெயிலில் வறண்ட முகம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வருகிறவர்களிடம் ஒப்பிக்கிற மாதிரி அவர் சொன்னார்: "சிவப்புக் கொடி நட்டிருக்கற இடத்தைத் தாண்டாதீங்க. சத்தம் போடாதீங்க. பல ஆயிரம் மைல் பறந்து வந்திருக்கு, உடம்புல சதையே இல்ல. எழுப்பி விட்டீங்கன்னா தின்னதெல்லாம் அந்த ஒரு பறத்தல்லயே போயிடும்."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சேறு மூழ்க மூழ்க, பறவைகள் பின்வாங்கி ஒரு மேட்டில் நெருக்கியடித்து நின்றன. ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் ஒற்றைக் காலில், அலகை முதுகுச் சிறகில் செருகி, தூக்கம். மூச்சக்கா ஒரு பையில் மணல் நிரப்பி, அதன் மேல் கேமராவை வைத்து, சேற்றில் குப்புறப் படுத்துவிட்டாள். ஒரு மூக்கன் கண்ணைப் பாதி திறந்து அவளைப் பார்த்தது, பிறகு மூடிக்கொண்டது. என்னை நம்பிட்டுது என்று அவளுக்குள் குளிர்ந்தது. வீட்டில் யாரும் அப்படி அவளை நம்பிக் கண்ணை மூடியதில்லை.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். பின்னால் பெரியவர் கொட்டாவி விட்டார். செருப்பைத் தரையில் தேய்த்தார். "என்ன இது, தூங்குமூஞ்சிப் பறவைங்க! பறந்தாத்தானே படம்" என்றார். பட்டென்று இரண்டு கையையும் தட்டினார்.

மேடு முழுதும் எழுந்தது. அவளுடைய மூக்கனும்தான். வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே மேட்டில் இறங்கின. பெரியவர் கேமராவைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காய்ந்த சேற்றுக் கட்டி ஒன்றை எடுத்தார்.

"அத்தான், போடாதீங்க." அவள் எழுந்துவிட்டாள். முன்பக்கமெல்லாம் சேறு.

"ஏன்? உன் பறவையா?"

"யார் பறவையா இருந்தா என்ன? அவரு இப்பத்தானே சொன்னாரு."

"மூச்சைப் பிடி, மூச்சை விடுன்னு அதட்டறதுக்கு இது உன் ஆஸ்பத்திரி இல்லம்மா. நான் உன் பேஷண்டும் இல்ல."

"பேஷண்டா இருந்தா எப்பவோ வெளிய நிறுத்தியிருப்பேன்."

வார்த்தை விழுந்துவிட்டது. ஓரகத்தி, "பாத்தீங்களா பேச்சை!" என்று மாமியாரைப் பார்த்தாள். கணவன் பூட்ஸ் நுனியால் சேற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக் காவலாளி வந்ததால் கட்டி கையிலிருந்து கீழே போனது. அன்று முழுக்கப் பெரியவர் அவளிடம் பேசவில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட, "அவகிட்ட சொல்லு" என்று தம்பியிடம் சொன்னார். அவள் உப்பை மேஜையின் மறுகோடியில் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் நாள் அவள் கண் விழித்தபோது பக்கத்தில் கணவன் இல்லை. வாசலில் வேனும் இல்லை. அவளுடைய மணல் பையும் ரப்பர் பூட்ஸும் வேனுக்குள்ளேயே இருந்தன. மாமியார் படுத்தபடியே, "ரெண்டு பேரும் போயிட்டாங்க. உன்னை எழுப்ப வேணாம்னு பெரியவன் சொன்னான்" என்றார்.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கரை மேலேயே நடந்தாள். இரண்டு மைல் இருக்கும். செருப்புக்குள் மண் புகுந்து கடித்தது. ஓரமாக மின்கம்பங்கள் வரிசையாகப் போயின. வெயில் அப்போதுதான் தண்ணீரைத் தொட்டிருந்தது. மேட்டில் பறவைகள் நேற்றைப் போலவே நெருங்கி நின்றன. காவலாளியைக் காணோம். அன்று மட்டும் அவர் எட்டு மணிக்குத்தான் வருவார் என்று முந்தின நாள் பெரியவர் விசாரித்து வைத்துக்கொண்டது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தூரத்தில் ஸ்டாண்டுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தவர் பெரியவர். மேட்டுக்கு அந்தப் பக்கம், கொடியைத் தாண்டி, தண்ணீரில் இன்னொரு ஆள். ஆரஞ்சு நிற மழைக்கோட்டு, கையில் எண்ணெய் டின், ஒரு கட்டை. யார் அது என்று பார்க்க அவள் லென்ஸைக் கண்ணுக்கு வைத்தாள். கோட்டு அவள் வாங்கிக் கொடுத்தது.

பெரியவர் கையை உயர்த்தினார். டின் சத்தம் கிளம்பியது. லிஃப்ட் மெக்கானிக், நாற்பத்தெட்டு வயசுக்காரர், தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து கத்திக்கொண்டு பறவைகளை நோக்கி ஓடினார். கோட்டு இரண்டு பக்கமும் விரிந்து அடித்தது. அவள் விரல் தானாக ஷட்டரை அழுத்தியது. வருஷக்கணக்கான பழக்கம், கண் பார்த்தால் விரல் அழுத்தும். ஒரே படத்தில் எல்லாம் விழுந்தது: இடது ஓரத்தில் பீரங்கி லென்ஸும் அண்ணனும், நடுவில் டின்னோடு தம்பி, இருவருக்கும் மேலே கிழிந்து பறக்கிற கூட்டம்.

நேற்றைப் போலச் சுற்றி வந்து அவை இறங்கவில்லை. மிரண்டு, கலைந்து, கரைப் பக்கம் திரும்பின. கம்பிகள் இருப்பதைப் பார்க்கிற நிதானம் அவற்றுக்கு இல்லை. டிங், டிங் என்று இரண்டு தடவை கம்பி அதிர்ந்தது. ஒரு பறவை தண்ணீரில் விழுந்து காணாமல் போயிற்று. இன்னொன்று, ஒரு மூக்கன், அவள் காலுக்குப் பத்தடி தள்ளி விழுந்து, ஒரு பக்கச் சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது.

துப்பட்டாவைப் போட்டுப் பிடித்தாள். கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி விரலில் குத்தியது. அதைச் சுற்றிச் சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்தான் இருந்தது. சிறகைத் தடவியதும் தெரிந்துவிட்டது. மேலெலும்பு இரண்டாக உடைந்து, ஒரு முனை தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. படம் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கணவன் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவள் கையிலிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். டின் இன்னும் கையில்.

"நீங்களுமா?" என்றாள்.

"அண்ணன் சொன்னாரு" என்றார் அவர்.

இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அதைக் கேட்டதும் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

பெரியவர் தன் கேமராவின் சின்னத் திரையை உள்ளங்கையால் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். "வந்துட்டுது! ஒரே ஒரு படம் போதும். சூரியன் பின்னாடி, அத்தனை றெக்கையும் முன்னாடி. பாருடா, பாரு!" அப்புறம்தான் அவளைப் பார்த்தார். "அது என்ன?"

"நீங்க எடுத்த படம்" என்று துப்பட்டாவை விரித்துக் காட்டினாள்.

"ஆயிரம் பறவைல ஒண்ணு. பருந்து அடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? அதுகிட்டயும் சண்டைக்குப் போவியா?"

பறவை வேனில் செத்தது. அவள் மடியில்தான். வாடகை வீட்டு வாசலில் வேன் நின்றதும் மாமியார் எட்டிப் பார்த்தார். "மூக்கைப் பாரு, உங்க மாமனார் மூக்கு மாதிரியே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செத்த குருவிக்காக உசிரோட இருக்கறவங்களைப் பகைச்சுக்காத. சொல்லிட்டேன்" என்றார். அன்று மத்தியானமே ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார் பெரியவர். அவருக்கு வேண்டிய படம் கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள் எதற்கு?

நான்கு மாதம் கழித்து ஓர் இயற்கைப் பத்திரிகையின் போட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு வந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. அவளே பொறாமைப்படும்படி இருந்தது. பொன்னிற வெளிச்சத்தில் ஆயிரம் சிறகு, ஒவ்வொன்றும் தனித்தனியாக. கீழே பெரியவர் சொன்னதாக ஒரு வரி போட்டிருந்தார்கள்: 'மூன்று நாள் அசையாமல் காத்திருந்தேன். இயற்கை பொறுமைக்குப் பரிசளித்தது.'

கடையில் விழா நடந்தது. பேச்சுகள் நடந்தன. படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். எங்கே? மாடிப்படியின் அடியில். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வருகிறவர்களிடம் ஓரகத்தி படத்தைக் காட்டி, மாடிப் பக்கம் கண்ணைக் காட்டி, "இங்கயும் ஒருத்தங்க எடுக்கறாங்க. ஆனா அதுக்கெல்லாம் பொறுமை வேணுமே" என்பாள்.

ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் கணவனை உட்கார வைத்தாள்.

"நீங்களே அவங்களுக்கு எழுதிப் போடுங்க. என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுங்க."

"நடந்தது நடந்து போச்சு. விட்டுடேன்."

"நீங்க எழுதலேன்னா நான் எழுதுவேன். என்கிட்டப் படம் இருக்கு. அதுல நீங்களும் இருக்கீங்க."

அவர் எழுந்து படிப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "என்னை வெட்டிட்டு அனுப்பு" என்றார் கடைசியில். "ஓரத்துல அண்ணன் மட்டும் தெரியற மாதிரி."

அவர் அண்ணனைக் காப்பாற்றக் கேட்டிருந்தால்கூட அவள் இரண்டு நாள் யோசித்திருப்பாளோ என்னவோ. தன்னை மட்டும் வெட்டிவிடச் சொன்னார் பாருங்கள், அதில்தான் அவளுக்கு மனசு இறுகிப் போயிற்று. படத்தில் ஒரு முனையைக்கூட வெட்டவில்லை. கூடவே நாலு வரி எழுதினாள். எந்த இடம், எத்தனை மணி, கொடியைத் தாண்டியது, கம்பியில் அடிபட்டவை இரண்டு. 'டின் அடித்துக்கொண்டு ஓடுகிறவர் என் கணவர். படம் எடுப்பவர் அவருடைய அண்ணன். நான் இந்த வீட்டு மருமகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பறவைகளுக்காகச் செய்தேன் என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பாதி பறவைக்காக. மீதி, பன்னிரண்டு வருஷம் கேட்டு வாங்கிய தண்ணீருக்காக. அது அவளுக்கே தெரியும்.

பத்திரிகைக்காரர்கள் காவலாளியிடம் விசாரித்தார்கள். பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதோடு நிற்காமல் அவள் அனுப்பிய படத்தை முழுப் பக்கத்தில் போட்டு, 'இப்படி எடுக்காதீர்கள்' என்று தலைப்பும் கொடுத்தார்கள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. படம் ஊரெல்லாம் போன் போனாகச் சுற்றியது. கணவன் முகம், அந்தப் பிளந்த வாயோடு.

அன்று சாயங்காலம் பெரியவர் படியேறி வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் மேல் வீட்டுக்கு அவர் வந்தது மூன்றாவது தடவை.

"சோறு போட்ட வீட்டுக்கே உலை வெச்சிட்டியே! குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டு உக்காந்திருக்கியா?"

"நான் இருவத்து மூணு வருஷமா வேலைக்குப் போறேன் அத்தான். எனக்கு யாரும் சோறு போடல."

"கடைல ஆளுங்க என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. தெரியுமா உனக்கு?"

"மூணு நாள் அசையாம காத்திருந்தேன்னு சொன்னீங்களே, அதைப் படிச்சிட்டு நான் சிரிச்சேன். அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

கை ஓங்கினார். ஓங்கிய கை காற்றிலேயே நின்றது. அவள் நகரவில்லை. மூலையில் நின்றிருந்த கணவனும் நகரவில்லை. பெரியவர் கையை இறக்கி, மேஜை மேலிருந்த அவளுடைய கேமராவை எடுத்து, ஜன்னல் வழியாகக் கீழே எறிந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் கணவன் வாயைத் திறந்தார்.

"போதுமா உனக்கு?"

மறுநாளிலிருந்து மோட்டார் ஓடவில்லை. கேட்டால், "ரிப்பேர்" என்றாள் ஓரகத்தி. கீழ்க் குழாய்களில் மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சக்கா ஆஸ்பத்திரியிலேயே குளித்துவிட்டு வர ஆரம்பித்தாள். கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி இவளுக்குத் தரப்படவில்லை. மாமியார் ஹாலில் உட்கார்ந்து, இவள் தலை தெரிந்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். கணவனுக்கு வேலையிடத்தில் 'டின்னு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லிஃப்ட் நின்று போய் உள்ளே மாட்டியவர்கூட வெளியே வந்ததும், "சார், நீங்க அந்த..." என்று ஆரம்பித்தாராம். இதையெல்லாம் அவர் அவளிடம் சொல்லவில்லை. போனில் யாரிடமோ சொன்னதை அவள் கேட்டாள்.

மூன்றாம் மாதம் அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. "நான் போறேன். நீங்க வந்தா வாங்க, இல்லேன்னா அண்ணனோட இருங்க" என்றாள். அவர் வருவார் என்று அவள் நினைக்கவில்லை. பெட்டியோடு வந்து நின்றார். அண்ணன் அவரையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, அவளிடம் வந்தது அவளுக்காக அல்ல, போக்கிடம் இல்லாமல்தான். தெரிந்த பிறகும் அவள் கதவைச் சாத்தவில்லை. அன்புதான் காரணம் என்று சொன்னால் பொய். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டியில் சமைத்து, வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள். "கேஸ் தீந்துடுச்சு", "போன் அடிக்குது" என்கிற அளவுக்குத்தான் பேச்சு. அப்படியே பதினாறு மாதம் போயிற்று.

வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. உறை மேல் கணவன் பெயர் மட்டும். 'குடும்பத்தினர்' என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்திருந்தார்கள். அவர் அதை மேஜையில் வைத்தார். அவள் படித்துவிட்டு, "போயிட்டு வாங்க. உங்க அண்ணன் பொண்ணு. குழந்தை என்ன பண்ணுச்சு?" என்றாள். மனசில் பட்டதைத்தான் சொன்னாள்.

காலையில் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போனவர் மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"என்ன, அதுக்குள்ள?"

"வாசல்லயே அண்ணன் கேட்டாரு. 'அவ பண்ணினது தப்புன்னு நாலு பேர் முன்னாடி சொல்லு, உள்ள வா'ன்னு."

"சொன்னீங்களா?"

"டின் அடிச்சது நான்தானேன்னு சொன்னேன்." செருப்பைக் கழற்றினார். "அப்புறம் என்ன, வந்துட்டேன்."

இவ்வளவு நாள் கழித்துச் சொன்னதற்காகத் தட்டிக்கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அதே சமயம் அவர் பட்டினியாக நிற்பதும் தெரிந்தது. ஒரு தட்டில் சோறு போட்டு மேஜையில் வைத்தாள். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் மறுபடி உள்ளான்கள் வருகிற காலம். அவள் தவணையில் எடுத்த ஒரு சின்னக் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றபடி கேட்டார்: "எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

"உங்களுக்கு எதுக்கு?"

"கேட்டேன்."

"நீங்க வர வேணாம்" என்றாள். "அந்தக் காவலாளிக்கு உங்க முகம் தெரியும். எனக்கும் அந்த இடத்துல உங்களைப் பாக்க முடியாது. இந்த வருஷம் முடியாது."

அவர் தலையாட்டினார். பையைத் தூக்க வந்தார், அவள் கொடுக்கவில்லை. மூன்று மாடியும் தானே இறங்கி, தெருவைக் கடந்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முட்டியை மடக்க வேண்டிய அளவு இடம் இருந்தது.